பேசுகிறவர் பக்கம் திரும்பும்

சின்னக்கருப்பன் மீட்டிங் ரூமில் எம்.டி.யின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, தடுக்க ஆளில்லை. ஆனையூரில் சொட்டுநீர்க் குழாய் செய்யும் அந்தக் கம்பெனிக்கு அவர் ஜெனரல் மேனேஜர். தங்கை மகள் பாண்டிமீனாவுக்குத் தாய்மாமன். இரண்டில் எது பெரிய பதவி என்று கேட்டால் கேட்கிற ஆளைப் பொறுத்துப் பதில் சொல்வார். இன்றைக்கு இரண்டும் ஒரே அறையில் கூடிவந்துவிட்டன. அயர்லாந்திலிருக்கும் மாப்பிள்ளை வீடியோவில் பெண் பார்க்கப் போகிறார். அந்த அறையில் போன வாரம்தான் புதுக் கேமரா மாட்டியிருந்தது.

"சாதா கேமரான்னு நெனச்சிராத. அறிவுள்ள கேமரா. யாரு பேசுறாகளோ அவுக பக்கம் தானாத் திரும்பும். கிட்டக்கக் கொண்டுபோயிக் காட்டும்" என்றார் தங்கையிடம். டிவிக்கு அடியிலிருந்த கறுப்புப் பெட்டியை அன்னக்கொடி ஒருமுறை பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

நீளமான மேசையின் கடைசியில் பாண்டிமீனா உட்கார்ந்திருந்தாள். பெண் கடைசியில் அடக்கமாக, மாமா நடுவில். அது அவர் போட்ட ஏற்பாடு. விடியற்காலையில் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தொழுவத்தில், பசுவின் வயிற்றுக்குள் தலை திரும்பிக் கிடந்த கன்றை இழுத்தெடுத்துவிட்டு வந்திருந்தாள். பட்டுச் சேலைக்குள் தோள் இன்னும் விண்விண்ணென்றது. கால்நடை மருத்துவராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வேலையை விட்டுவிடுவாள் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் மாமா போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டதாக நேற்றுத்தான் தெரியவந்தது.

"அதப் பத்தி நானே பேசுறேன் மாமா" என்றிருந்தாள்.

"பொண்ணு பாக்கையில பொண்ணு பேசுமா? நான் எதுக்கு இருக்கேன்?"

கெட்ட மனிதர் இல்லை. அப்பா போனபிறகு காலேஜ் சேர்க்கைக்குக் கூடவே அலைந்தவர். அலைந்ததை இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பவர். அவருக்கு எதிரே வாய் திறப்பது அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

டிவியில் மாப்பிள்ளை சூர்யபிரகாஷும், மகனோடு தங்கப் போயிருந்த அவன் அம்மா மலையம்மாளும் தெரிந்தார்கள். அம்மாள் சேலைக்கு மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"வாங்க மாப்ள! வணக்கம் தங்கச்சி!" என்றார் சின்னக்கருப்பன். கேமரா மெதுவாகத் திரும்பி அவரைப் பிடித்தது. டிவி மூலையில் இந்த அறையைக் காட்டும் சிறு கட்டம் முழுக்க அவர் மீசை. அதைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு இன்னும் ஊறியது. கம்பெனியின் வளர்ச்சி, பேரையூர்ப் பக்கம் தண்ணீரே இல்லாத காடுகளுக்குச் சொட்டுநீர் கொண்டுபோனது, மந்திரி வந்தது, மந்திரிக்கு இளநீர் வெட்டியது என்று போய்க்கொண்டிருந்தது.

"எல்லாம் சரிதாண்ணே. பொண்ணக் காட்டுங்க" என்றாள் மலையம்மாள்.

"இந்தா காட்டுறேன்." சொன்னவர் அவர், கேமரா அவரையே காட்டியது. மீசை இன்னும் கொஞ்சம் பெரிதானது.

"அண்ணே, நீங்க சித்த பேசாம இருங்க" என்றாள் அன்னக்கொடி. கேமரா அன்னக்கொடியைப் பிடித்தது. அவள் பதறி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"என்னங்கண்ணே இது, போன்லயே பாத்திருக்கலாம்ல?" என்றாள் மலையம்மாள்.

"போன்ல பாக்குறதுக்கு இதென்ன பம்புசெட்டு ரிப்பேரா தங்கச்சி? எம்புட்டுப் பெரிய கேமரா!"

கேமரா திரும்புவதை நிறுத்த ஏதோ ஒரு பொத்தான் இருக்கிறதென்று மாட்டிக்கொடுத்த பையன் சொல்லியிருந்தான். எல்லாம் தெரியும் என்று அவனைப் பாதியிலேயே அனுப்பிவைத்தவர் சின்னக்கருப்பன். இப்போது அவனைக் கூப்பிட்டுக் கேட்பது ஜெனரல் மேனேஜருக்கும் அழகில்லை, தாய்மாமனுக்கும் அழகில்லை. எல்லாரும் வாயை மூடி இருந்து பார்த்தார்கள். கேமரா பின்வாங்கி மொத்த அறையையும் காட்டியது. மேசைக் கோடியில் பாண்டிமீனா எறும்பளவுக்குத் தெரிந்தாள்.

"அந்தச் சேலை நல்லாருக்கு" என்றாள் மலையம்மாள், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

அந்த அமைதி சின்னக்கருப்பனுக்கு ஒத்துவரவில்லை. "மாப்ள, வேல விசயமா நீங்க கவலப்படவே வேணாம். மாட்டாசுபத்திரி வேலதான? கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டு வந்துருவா."

சூர்யபிரகாஷ் திரையை உற்றுப் பார்த்தான். யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்ற சந்தேகம் அவனுக்கு வந்திருக்கக்கூடும். மலையம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "பொண்ணே ஏதாச்சும் பேசட்டும்ணே. அப்பத்தான உங்க கேமரா அவளக் காட்டும்?"

சின்னக்கருப்பன் தங்கையைப் பார்த்தார். அன்னக்கொடி மகளைப் பார்த்தாள். "பேசு. ஆனா பாத்துப் பேசு" என்றாள் காதோரம்.

"ஒண்ணு ரெண்டு எண்ணு, போதும்" என்றார் மாமா.

பாண்டிமீனா தொண்டையைச் செருமினாள். "ஒண்ணு" என்றாள். கேமரா மாமாவை விட்டு நகர்ந்தது. "ரெண்டு." மேசையின் நீளத்தைக் கடந்து வந்து நின்றது. கட்டத்தில் அவள் முகம் வந்தது. பெரிதாக, காலைத் தூக்கக்கலக்கத்தோடு. தான் வாயை மூடினால் அது திரும்ப மாமாவிடம் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் மூடவில்லை.

"நான் வேலைய விடப்போறதில்லைங்க. மாமா சொன்னது அவரு ஆசை. எங்கிட்டக் கேட்டுச் சொல்லலை. காலையில ஒரு கன்னுக்குட்டிய இழுத்துப் போட்டுட்டுத்தான் வந்து உக்காந்துருக்கேன். உங்க ஊர்லயும் மாடு இருக்கும்ல? அங்க என்ன பரீட்ச எழுதணுமோ எழுதுறேன். எழுதிப் பாஸானதுக்கப்புறம்தான் வருவேன். அது வரைக்கும் இங்கதான் இருப்பேன். சரிப்பட்டா பாருங்க."

"ஏய் கழுத!" என்றார் சின்னக்கருப்பன். கேமரா அவர் பக்கம் அசைந்தது. "இன்னும் நான் முடிக்கல மாமா" என்றாள். அது பாதியில் நின்று அவளிடமே திரும்பி வந்தது.

அந்தப் பக்கமிருந்து சத்தமில்லை. பிறகுதான் கவனித்தார்கள், படம் உறைந்துபோயிருந்தது. மலையம்மாளின் கை அந்தரத்தில் நின்றது, வாய் பாதி திறந்திருந்தது. சூர்யபிரகாஷ் முன்னால் சாய்ந்ததில் அவன் நெற்றி மட்டும் பெரிதாக இருந்தது. நடுவில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டிருந்தது.

"சிரிக்கிறாகளா, திட்டுறாகளா?" என்றாள் அன்னக்கொடி.

சின்னக்கருப்பன் எழுந்து திரைக்கு அருகில் போய், மலையம்மாளின் வாயைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "சிரிப்பு மாதிரியும் இருக்கு" என்றார்.

தான் சொன்னதில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ என்று பாண்டிமீனா யோசித்தாள்.

"கேக்கலைன்னா மறுபடி சொல்றேன்" என்று உறைந்த முகங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தமுறை தொண்டையைச் செரும வேண்டியிருக்கவில்லை. வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. கேமரா இன்னும் ஒரு படி அவள் கிட்டே வந்தது.