இருபது மூச்சு வார்டு

எங்கள் வார்டில் நாற்பது கட்டில். நாற்பது பேரும் நிமிடத்துக்கு இருபது மூச்சுதான் விடுவார்கள். காலையிலும் இருபது, மாலையிலும் இருபது. இதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு புள்ளியியல் வாத்தியார் மாடியேறி வர வேண்டியிருந்தது.

ஸ்ரீநாத் சார் மருத்துவக் கல்லூரியில் கணக்குச் சொல்லித் தருபவர். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூடவே மேல்படிப்பு டாக்டர் சத்யப்ரியா, அழுத கண்ணோடு. நோயாளிக்கு உடம்பு மோசமாவதற்கு முன்பே மூச்சு எண்ணிக்கை கூடுகிறதா என்று, வார்டு நர்ஸ் நான் எழுதிவைத்த சார்ட்டுகளை நம்பி மூன்று மாதம் ஆய்வு செய்திருந்தாள். பத்து நாளில் ஒப்படைக்காவிட்டால் இந்த முறை பரீட்சை எழுத முடியாது.

"பாண்டீஸ்வரி சிஸ்டர், மூச்சுத் திணறி ஐசியூவுக்குத் தூக்கிட்டுப் போனவருக்கும் இருபதுன்னு எழுதியிருக்கீங்களே," என்றார் சார்.

சுருக்கென்றது. எனக்குச் சுருக்கென்றால் முதலில் வருவது கோபம்தான்.

"நாப்பது பேருக்கு நான் ஒருத்தி சார். ஆளுக்கு ஒரு நிமிசம் எண்ணிக்கிட்டு நின்னா, ஊசி யாரு போடுறது? நீங்க வந்து எண்ணுங்க, பாப்போம்."

மனிதர் ரோஷக்காரர். கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு ஏழாம் கட்டிலுக்குப் போனார். அங்கே கீழக்குயில்குடி பேயாண்டி, காய்ச்சலும் இருமலுமாக வந்து இரண்டு நாள் ஆகிறது.

"ஐயா, நீங்க பாட்டுக்கு மூச்சு விடுங்க. நான் எண்ணப்போறேன்."

எண்ணப்போகிறேன் என்று சொன்னபின் எவன் தன் பாட்டுக்கு விடுவான்? பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வாத்தியார் முகத்தையே பார்த்தபடி, இருமலை அடக்கி நிதானமாக விட்டார். பன்னிரண்டு. மறுபடி எண்ணினால் பதினாறு.

"எம்புட்டு வேணும்னு சொல்லுங்க சார், அம்புட்டு விட்டுருவோம்," என்றார். வார்டே சிரித்தது. சத்யப்ரியாகூட அழுகையை மறந்து சிரித்துவிட்டாள்.

"தள்ளுங்க சார்," என்று போய்ப் பெரியவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி பார்ப்பதுபோல ஒரு பாவனை, கண் மட்டும் அவர் வயிற்றின் மேல். நர்சிங் படிக்கப்போன முதல் வருடமே சொல்லித் தந்த வித்தை. பெரியவர் என்னை மறந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழு நிமிடம் எண்ணினேன். முப்பத்து நான்கு.

சார்ட்டில் அன்று காலை என் கையெழுத்தில் இருபது. நேற்றும் இருபது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்; எண்ண வாருங்கள் என்று கூப்பிட்டதே நான்தானே.

டூட்டி டாக்டர் ஓடி வந்தார், எக்ஸ்ரே எடுத்தார்கள். நிமோனியா. "நல்லவேளை பாத்தீங்க சிஸ்டர்," என்று பாராட்டு வேறு. வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது.

மேசைக்கு வந்ததும் கை தானாக ஒயிட்னரைத் தேடியது. சார் அதைப் பார்த்துவிட்டு, ஊசியைக் கண்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் கோபத்தில் அந்த இருபதை அழித்தே இருப்பேன். ஒயிட்னரை வைத்துவிட்டு, இருபதுக்குக் கீழே முப்பத்து நான்கு என்று நேரம் போட்டு எழுதினேன்.

"டாக்டரம்மா, என் இருபது எல்லாம் அப்படியே இருக்கட்டும். இனிமே நீங்களும் நானும் முழு நிமிசம் எண்ணுவோம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. பழசு யாரு எழுதுனதுன்னு கேட்டா, எம்பேரச் சொல்லுங்க."

எண்ணாமல் எழுதிய மூச்சுக்கும் எண்ணி எழுதிய மூச்சுக்கும் உள்ள வித்தியாசம் என்று ஆய்வின் தலைப்பை மாற்ற சார் அலைந்து அனுமதி வாங்கித் தந்தார். ஒன்பது நாளும் இரண்டு வேளையும் எண்ணினோம். பதினான்கு, இருபத்தாறு, பதினெட்டு, முப்பத்தொன்று என்று அந்த வார்டில் முதல்முறையாக ஆளுக்கொரு மூச்சு வந்தது.

பத்தாம் நாள் காலை, சத்யப்ரியா ஒப்படைக்கக் கிளம்புமுன் கடைசியாக ஏழாம் கட்டில். வீட்டுக்குப் போகத் தயாராக இருந்த பேயாண்டி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நாடி பாக்குற மாதிரி ஏமாத்தாத தாயி. நான் கண்ண மூடிக்கிறேன், நீ வயித்தையே பாரு."

எண்ணினேன். எண்ணி முடித்துவிட்டு இன்னொரு நிமிடமும் எண்ணினேன். சத்யப்ரியா பேனாவோடு நின்றாள், பக்கத்தில் சார்.

"எம்புட்டு சிஸ்டர்?"

"சாமி சத்தியமா சார்," என்றேன், "இருபது."