மேசையில் தட்டினார்கள்

யோகராஜாவுக்கு மகளின் மூளையில் பூரண நம்பிக்கை. பயமெல்லாம் அவள் வாயில்தான்.

சுவிஸில் ஓல்டன் ரயில் வேலைத்தலத்தில் முப்பது வருடமாகப் பெட்டி திருத்துகிறவர் அவர். மகள் சரணியா ஜெர்மனியில் ஒரு பழைய பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். இன்று அங்கே மாதிரி விரிவுரை. அது பிடித்தால்தான் வேலை. வீட்டிலிருந்து பார்க்க இணைப்பும் அனுப்பியிருந்தாள்.

முந்தின நாளே தொலைபேசியில் ஒரு சண்டை.

"அந்த மனுசன்ர மண்டபத்தில நிண்டு, அவற்ற கணக்குப் பிழையெண்டு சொல்லப்போறியோ?"

"ஓமப்பா. பிழையெண்டாப் பிழைதானே."

அந்த மனுசன் செத்து நூற்றிருபது வருடம். பனிக்கட்டிக்குள் வெப்பம் எப்படிப் போகிறதென்று அந்தப் பல்கலைக்கழகத்தில் முதன்முதல் அளந்தவர். அவர் கண்ட எண்ணை வெண்கலத் தகட்டில் பொறித்து மண்டபச் சுவரில் பதித்திருந்தார்கள். அதற்கு நேர் கீழே நின்றுதான் சரணியா பேசினாள்.

நிலவறையில் கிடந்த அவருடைய குறிப்பேட்டைத் தேடி எடுத்திருந்தாள். வெப்பமானி பழுதோ என்று அவரே ஓரத்தில் எழுதிய வரியைத் திரையில் காட்டினாள். தான் புதிதாக அளந்த எண்ணைப் பக்கத்தில் எழுதினாள். "அவருக்கே சந்தேகம் இருந்தது. நாம்தான் அதை வெண்கலமாக்கிவிட்டோம்" என்று முடித்தாள்.

பிறகு முன்வரிசையில் தெரிவுக்குழுத் தலைவர், ஒரு நரைத்த பேராசிரியர், விரலை மடக்கி மேசையில் தட்டினார். பக்கத்திலிருந்தவர் தட்டினார். மண்டபம் முழுக்கத் தட்டத் தொடங்கியது.

வீட்டில் கணினிக்கு முன்னால் இருந்த யோகராஜா துள்ளி எழுந்தார். யாழ்ப்பாணத்தில் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் மேசையில் தட்டினால், பேசினது போதும், இறங்கு என்று அர்த்தம். அவரே எத்தனை பேரை அப்படி இறக்கியிருக்கிறார்!

"பாத்தியே, பிள்ளையை இறக்கப் பாக்கிறாங்கள்!"

"சும்மா இருங்கோப்பா!" என்று மனைவி தில்லைநாயகி கையைப் பிடிப்பதற்குள் கணினியின் ஒலிவாங்கியைத் திறந்துவிட்டார். தனக்குத் தெரிந்த சுவிஸ் ஜெர்மனில் முழங்கினார்.

"நிப்பாட்டுங்கோ! நான் அவவின்ர தகப்பன். பிழையிருந்தா எழும்பிச் சொல்லுங்கோ. மேசையில தட்டாதேங்கோ!"

தட்டுவது நின்றது. சரணியா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் மனிதருக்கு உறைத்தது. கிடைக்க இருந்த வேலையைத் தானே கெடுத்துவிட்டாரோ?

தலைவர் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார்.

"ஐயா, இங்கே நாங்கள் கைதட்டுவதில்லை. நல்ல விரிவுரைக்கு மேசையில்தான் தட்டுவோம். இவ்வளவு சத்தத்தை நான் இந்த மண்டபத்தில் கேட்டதில்லை." சுவரைத் திரும்பிப் பார்த்தார். "குழு கூடிக் கையெழுத்து வைக்கவேண்டும், அது வெறும் சடங்கு. அந்தத் தகட்டை மாற்றுவதுதான் பேராசிரியர் சரணியாவின் முதல் வேலை."

தில்லைநாயகி அழுதேவிட்டாள். யோகராஜாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்? திரைக்குக் கிட்டப் போனார்.

"அப்ப ஏன் நிப்பாட்டினியள்? தட்டுங்கோ!"