இடப்பக்க மட்கார்டு

லிப்ட் மெக்கானிக்குக்கு முதலில் சந்தேகம் தட்டியது கையில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் பொருத்திப் பார்க்கலாம் என்று இடப்பக்க மட்கார்டைத் தூக்கினார். லேசாக இருந்தது. தான் செய்த பொருளின் கனம் தனக்குத் தெரியாதா? திருப்பிப் பார்த்தார். உட்பக்கம் வழித்துவிட்டாற்போல் சீராக இருந்தது. அவர் வார்த்ததில் ஓரமெல்லாம் ரெசின் பசை கட்டி கட்டியாக உறைந்து நிற்கும். தேய்க்க வேண்டும், தேய்க்க வேண்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில், பழைய கார் ஒன்றின் அடிச்சட்டத்தை வாங்கிப் போட்டு, அதன்மேல் தன் இஷ்டத்துக்கு ஒரு குட்டி வண்டி கட்டிக்கொண்டிருந்தார் அவர். கடையில் கிடைக்கிற எதுவும் அதற்குப் பொருந்தாது. களிமண்ணில் உருவம் பிடித்து, அதிலிருந்து அச்சு எடுத்து, அச்சுக்குள் மெழுகு தடவி, கண்ணாடி நாரை விரித்து ரெசின் பூசி, ஒவ்வொரு பாகமாக அவரே வார்த்தார். அங்கே வேறு யாரும் விரல் வைக்கக் கூடாது.

அச்சை மூடியிருந்த துணியை விலக்கினார். மூலைகளில் புது மெழுகு மினுங்கியது. யாரோ இதில் இன்னொன்று வார்த்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! மனைவியின் தம்பி படகுப் பட்டறையில் ஃபைபர் வேலை செய்பவன். போன மாதம்தான் அந்த மட்கார்டைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, முதலாளி கண்ணில் பட்டால் பத்து செட் போடச் சொல்வார் என்று பல்லைக் காட்டினான். இவர் முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்றார். இப்போது நகலை இங்கே வைத்துவிட்டு அசலைக் கொண்டுபோயிருக்கிறான்.

மனைவியிடம், தம்பி இந்தப் பக்கம் வந்தானா என்று பட்டும் படாமலும் கேட்டார். அவனுக்கு ஏது நேரம் என்றாள் அவள், நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, “உங்க மச்சினன் பகல்லயே வந்து போறாரே, வேலையை விட்டுட்டாரா?” என்று ரொம்ப அக்கறையாக விசாரித்தார்.

தம்பி திருடினான், சரி. இவளும் உடந்தையா? ஷெட்டுக்குப் புதுப் பூட்டு போட்டார். மனைவி அதைப் பார்த்தாள், ஏன் என்று கேட்கவில்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். இவர் உள்ளே நுழைந்தால் அவள் போனை வைத்துவிடுகிறாள். அதையும் சேர்த்தார்.

அடுத்த விடுமுறைக்கு யாரிடமும் சொல்லாமல் படகுப் பட்டறைக்கே போய்விட்டார். கவிழ்த்து வைத்திருந்த படகுகளுக்கு நடுவே புகுந்து போனபோது, ஒரு படகின் அடியில் அவருடைய மட்கார்டு கிடந்தது. குறுக்கே பிளந்திருந்தது. மச்சினன் முகமூடியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான்.

“இதை யாருக்குடா விக்கப் பாத்த?”

“உடைஞ்சதை யாரு மாமா வாங்குவா?” என்றான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். அக்கா ஷெட் பரணிலிருந்து பெட்டியை இறக்கும்போது கை நழுவி மட்கார்டின்மேல் விழுந்துவிட்டது. போனில் அழுதாள். அவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி ஓடி வந்து இன்னொன்று வார்த்து வைத்தான். “உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா.”

பஸ்ஸில் திரும்பும்போது கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் அலைந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள். “பூனை நீங்க வார்த்த பானட் மேல படுத்ததுக்கு எங்க யாரோடயும் எத்தனை நாள் பேசாம இருந்தீங்க, ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. பூனையைத் துரத்தியதும், மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது சொன்ன ‘வரேன்ப்பா’வுக்குப் பதில் சொல்லாமல் இருந்ததும். அப்போது தன் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் நினைத்தார். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. புதுசு நல்லாத்தான் வந்திருக்கு என்று மட்டும் முனகினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கதவு ஒன்று வார்க்க மச்சினனை அவரே கூப்பிட்டார். அவன் வந்தான். ஆனால் ஒவ்வொரு தடவை பிரஷைத் தொடும்போதும் இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தொட்டான். வார்ப்பு இறுகியதும் அச்சோடு தூக்கித் திருப்ப மூன்று பேர் வேண்டியிருந்தது. மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஷெட் வாசலோடு நின்றுவிட்டாள்.

“கை நழுவிடுச்சுன்னா?”

“நழுவினா இன்னொண்ணு வார்த்துக்கலாம். நீ வா.”

நம்பாமல்தான் வந்தாள். அவன் தலைப்பக்கம் பிடித்தான், இவர் அடிப்பக்கம், அவள் நடுவில். மெதுவாகத் தூக்கினார்கள். அவள் கண் அச்சின்மேல் இல்லை, அவர் முகத்தின்மேல் இருந்தது. கீழே இறக்கி வைத்த பிறகும் அங்கேயே இருந்தது.