தைலமரத்துத் தழை

நல்லசாமியை நான் முதலிலிருந்தே நம்பவில்லை. கேட்காமலே வந்து யோசனை சொல்கிறவனை எப்படி நம்புவது?

ஜப்பான்காரன் வந்து ரப்பர்ப் பால்மரம் சீவுவது நின்றபிறகு, புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள். கேழ்வரகு விளைவிக்க வேண்டும். எந்த வீட்டு நிலம் வெறுமனே கிடக்கிறதோ, அந்த வீட்டு ஆம்பிளை சயாமுக்கு ரயில் பாதை போடப் போகவேண்டும். போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. என் புருஷன் தங்கராஜுவோ எழுந்து நின்றாலே மூச்சு வாங்குகிற ஆள்.

எனக்குக் கிடைத்தது ஓடைக்கரை மணல். பக்கத்துத் துண்டு நல்லசாமிக்கு. பழைய மாட்டுக்கொட்டகை இருந்த கறுப்பு மண்.

"மயிலக்கா, தொரை பங்களாவுல தைலமரத்துத் தழை குமிஞ்சு கெடக்கு. அள்ளிப் போட்டுக் கொத்தி விடுங்க லா, எருவாயிரும்" என்றான். அவனும் போட்டான். நானும் பத்து நடை தலையில் சுமந்து போட்டேன்.

அவன் நிலம் பச்சைப்பசேல் என்று எழுந்தது. என் நிலத்தில் முளைத்த நாலைந்தும் வேர் கருகிச் செத்தன. மறுபடி விதைத்தேன். மறுபடியும் அதே கதை. வயிறு எரிந்தது. ஒரே விதை, ஒரே தழை, ஒரே மழை. அப்புறம் எப்படி? பூட்டிக்கிடந்த ஸ்டோரில் மரப்பால் உறைய வைக்கும் ஆசிட் இன்னும் இருந்தது. சாவி வாங்கி ஸ்டோரைக் கூட்டுகிறவன் நல்லசாமி. இதற்குமேல் என்ன வேண்டும்?

தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டியிடம் போனேன். "ராத்திரியோட ராத்திரியா என் நெலத்துல ஆசிட் ஊத்திட்டான்."

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன். பார்க்கவில்லை.

சயாம் பட்டியலில் ஏறியிருந்த தங்கராஜு பெயரை அடித்துவிட்டு நல்லசாமி பெயரை எழுதினார்கள். அடுத்த வாரம் லாரி வரும் என்றார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஆதாரம் வேண்டாமா என்று மூன்று சிரட்டை எடுத்தேன். ஒன்றில் ஆசிட் படாத ஓடை மணல் மட்டும். இன்னொன்றில் அதே மணலும் தழையும். மூன்றாவதில் அவனுடைய கறுப்பு மண்ணும் தழையும். எல்லாவற்றிலும் கேழ்வரகு தூவித் தண்ணீர் தெளித்தேன். மூன்றும் முளைத்தால் அவன் திருட்டுத்தனம் ருசுவாகிவிடும்.

லாரி வந்த காலையில் பார்த்தேன். வெறும் மணலில் முளை. கறுப்பு மண்ணில் தழையோடும் முளை. மணலும் தழையும் சேர்ந்த சிரட்டையில் மட்டும் கருகல். தழையில் இருந்த நஞ்சைக் கறுப்பு மண் செரித்துவிட்டது. என் மணலுக்கு அந்தத் தெம்பு இல்லை. ஆசிட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

ஓடினேன். நல்லசாமி லாரியில் ஏறிவிட்டான். "அக்கா, எம் பொண்டாட்டி பஞ்சாலையக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றான். வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னால் தங்கராஜு இருமினார். வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அவன் பெண்சாதி பஞ்சாலை ஒரு கட்டு நாற்றோடு வந்தாள்.

"எங்க நெலத்துல மிஞ்சிக் கெடக்கு, நடுங்கக்கா. யாரோ கண்ணால பாத்தேன்னு சொன்னாங்களாம். அவரு ஊத்தலக்கா. ஒங்களுக்காச்சும் தெரியும்ல?"

சிரட்டைகள் கதவுக்குப் பின்னால் இருந்தன.

"எனக்கு என்னம்மா தெரியும்" என்று சொல்லி, நாற்றை வாங்கிக்கொண்டேன்.