ஒன்றுக்கு எட்டு

சிப் வந்த அன்றே தெரிந்துவிட்டது, தேறாது என்று. காது கேளாதவர்கள் மாட்டிக்கொள்ளும் கருவிக்கான சிப். அதற்குள் ஒரு கரன்ட் மிரர். ஒரு கிளையில் ஒரு பங்கு மின்னோட்டம் போனால் மறு கிளையில் சரியாக எட்டுப் பங்கு போக வேண்டும். கூடப் போனது. பேட்டரி தாங்காது.

மிரர் பிசகினால் முதலில் லேஅவுட்காரன் கழுத்தைத்தான் பிடிப்பார்கள். லேஅவுட், அதாவது சிப்பில் எது எங்கே உட்கார வேண்டும் என்ற படம், வரைந்தது அவளுடைய கணவன். டிரான்சிஸ்டர்களுக்கு அளவு போட்டது அவள். கல்யாணமாகி ஏழு வருஷம். அதில் ஐந்து வருஷம் அடுத்தடுத்த மேசை.

மூன்று நாளாக அவன் தன் வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டிலும் அதே பேச்சு.

"ரெண்டு பக்கமும் சமமாத்தான வெச்சேன். எங்க கோட்டை விட்டேன்னு தெரியலையே."

"விடுங்க, பாத்துக்கலாம்" என்றாள். மூன்று நாளும் அதையே சொன்னாள்.

அவளுக்கு ஒன்று தெரியும். சிப்பை அனுப்ப வேண்டிய அன்று முதலாளி வந்து, இன்னும் கொஞ்சம் சுருக்கினால்தான் கருவிக்குள் அடங்கும் என்றார். மிரரின் பெரிய கிளையில் ஒரே அளவில் எட்டு டிரான்சிஸ்டர்கள் வரிசையாக இருந்தன. எட்டையும் எடுத்துவிட்டு, எட்டு மடங்கு அகலத்தில் ஒன்றே ஒன்று போட்டாள். இடம் கிடைத்தது. கணக்குச் சரியாக வருகிறதா என்று கம்ப்யூட்டரில் சிமுலேஷன் ஓட்டிப் பார்க்க நாலு மணி நேரம் ஆகும். கையில் இருந்தது இரண்டு.

"ஓட்டிப் பாத்தியா?" என்று கேட்டான் அவன்.

"பாத்தாச்சு. நீங்க வரைங்க."

தயாரிப்பில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஓரத்தில் கொஞ்சம் தேய்ந்துதான் வரும். எட்டும் தனித்தனி என்றால் எட்டும் ஒரே மாதிரி தேயும்; கணக்கு மாறாது. ஒன்றாகச் சேர்த்துவிட்டால் எட்டு முறை தேய வேண்டியது ஒரே முறை தேயும். மறு கிளையில் இருக்கும் சின்னது மட்டும் தன் பங்குக்குத் தேய்ந்து நிற்கும். எட்டு எட்டாக இருக்காது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. அன்று கை அவசரத்தில் செய்துவிட்டது.

ஆனாலும் தீர்மானமாகச் சொல்ல முடியாது. வரைந்ததில் கோளாறு என்றால் பிசகு சிப்புக்குச் சிப் வேறாக இருக்கும். அளவில் கோளாறு என்றால் எல்லாச் சிப்பிலும் ஒரே எண் வரும். எண்கள் சிதற வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அதாவது, தப்பு அவனுடையதாக இருக்க வேண்டும் என்று.

நாலாம் நாள் காலை பத்து சிப்புகளை அளக்க உட்கார்ந்தார்கள். அளக்கிறவனை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் வாசிக்க, அவளுடைய கணவன் குறித்துக்கொண்டான். அவள் பின்னால் நின்றாள்.

"எட்டு புள்ளி ஏழு எட்டு" என்றான் மீட்டர்.

ஒன்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டாவதை வைத்தான்.

"எட்டு புள்ளி ஏழு ஏழு."

பக்கத்தில்தான் இருக்கிறது. இருக்கட்டும், இன்னும் எட்டு இருக்கிறது.

"எட்டு புள்ளி ஏழு எட்டு. அடேங்கப்பா! தப்புப் பண்ணாலும் என்ன ஒழுங்கு பாருங்கண்ணே. அச்சுல வார்த்த மாதிரி."

நாலாவதும் அதுவே. கணவன் பேனாவை மூடினான்.

"போதும்டா."

"இன்னும் ஆறு இருக்கேண்ணே."

"போதும்."

மீட்டர் அவனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நான் போய் ஒரு டீ சொல்லிட்டு வரேன்" என்று எழுந்துபோனான்.

அவன் தாளை அவள் பக்கம் திருப்பினான்.

"சிதறவே இல்ல" என்றான்.

"ம்."

"எட்டையும் ஒண்ணாக்குனியே, அது. அன்னிக்கு நீ ஓட்டிப் பாக்கவே இல்ல."

"நேரம் இல்லைங்க."

"இல்லைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நானே போய் அவர்கிட்ட சண்டை போட்டிருப்பேன்."

அவள் அளந்த சிப்புகளை டப்பாவில் எடுத்து வைத்தாள்.

"இப்பதான் தெரியுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான்.

"வந்த அன்னிலேர்ந்தே சந்தேகம்தான்."

அவன் தாளில் எழுதியிருந்த நாலு எண்களையும் திரும்ப வாசித்தான்.

"மூணு நாளு பைத்தியக்காரன் மாதிரி அந்தப் படத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். நீ தண்ணி கொண்டு வந்து பக்கத்துல வெச்ச."

"ஏங்க..."

"தண்ணி கொண்டு வந்து வெச்சடி."

அவள் நேராக முதலாளி அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்.

"லேஅவுட்ல தப்பு இல்ல சார். அளவு போட்டது நான். என் தப்பு. எழுதிக் குடுத்துடறேன்."

"எழுதி யார்கிட்டம்மா குடுப்ப?" என்றார். குரலில் கோபம் இல்லை. "கருவிக்காரங்க காலைலயே கூப்பிட்டாங்க. வேற இடம் பாத்துட்டாங்களாம். இன்னொரு தடவ சிப் போட நமக்குத் தெம்பு இல்ல. மாசக் கடைசியோட இழுத்து மூடிரலாம்னு இருக்கேன். உன் தப்பா, அவன் தப்பான்னு இனிமே யாருக்கும்மா வேணும்?"

ஒருவனுக்கு வேண்டியிருந்தது. அவனுக்கு அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

சாயங்காலம் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். விட்டுவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்திருந்தாள்.

"ஏறு."

ஏறினாள். வழக்கமாக அவன் தோளைப் பிடித்துக்கொள்வாள். இன்று கை சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பிக்குப் போனது. பள்ளம் வந்த இடத்தில் அவன் எப்போதும் போலவே மெதுவாக இறக்கி ஏற்றினான்.

"மாசக் கடைசியோட மூடறாராம்" என்றாள்.

"தெரியும். மீட்டர் சொன்னான்."

சிக்னலில் சிவப்பு. காலை ஊன்றி நிறுத்தினான். திரும்பாமல் பேசினான்.

"வேற வேலை தேடணும். ரெண்டு பேரும்."

"ம்."

"ஒரே இடத்துல வேணாம்."

எதிரே நொடிகள் குறைந்துகொண்டு வந்தன. பதினொன்று. பத்து.

"சரிங்க" என்றாள்.