பிரித்து ஒட்டிய பெட்டி

பெட்டியைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. எவனோ பிரித்திருக்கிறான். மேல் அட்டையின் நடுவில் கத்தி போன கோடு, அதன்மேல் புதுசாக ஒரு பழுப்பு டேப். ஒரு மூலை நசுங்கி உள்ளே போயிருந்தது. உள்ளே இருப்பது ரைஃபிள் மேல் மாட்டிக் குறி பார்க்கிற ஸ்கோப், கண்ணாடிச் சாமான். அதை இப்படியா அனுப்புவார்கள்?

தபால் லாரி எங்கள் பக்கம் வாரத்தில் இரண்டு நாள்தான் வரும், செவ்வாயும் வெள்ளியும். மண்ரோடு பிரிகிற இடத்தில், மரத்தடியில், மல்லாக்கப் போட்ட பழைய ஃபிரிட்ஜ் ஒன்று கிடக்கிறது. எங்களுக்கும் பக்கத்துப் பண்ணை மெர்வுக்கும் அதுதான் தபால் பெட்டி. முதலில் அந்த வழியாகப் போகிறவர் இரண்டு வீட்டுத் தபாலையும் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிடுவார். முப்பது வருடமாக அப்படித்தான். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே போனேன். போகும்போதும் வரும்போதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன், எங்காவது மின்டி கண்ணில் படமாட்டாளா என்று.

மின்டி எங்கள் ஆட்டு நாய். கெல்பி ஜாதி, சிவப்பு நிறம். தாய் செத்துப்போய், என் வீட்டுக்காரர் க்ளைவ் பால் புட்டி கொடுத்து வளர்த்தது. அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து ஓட முடியாது. அவருடைய கால் அவள்தான். யாரும் சொல்லாமலே வெளியே போய், வழி தப்பின ஆடு எங்கே நின்றாலும் மடக்கி வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவாள். அவளைச் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து காணோம். குட்டி போடுகிற சீசன், அடுத்த வாரம் மந்தை முழுவதையும் பட்டிக்குக் கொண்டுவர வேண்டும். அது கிடக்கட்டும். க்ளைவ் மூன்று நாளாகச் சாப்பிட உட்காருகிறார், தட்டைப் பார்க்கிறார், எழுந்து போகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதில் இந்தப் பெட்டி வேறு, வெந்த புண்ணில் வேல் மாதிரி.

ஸ்கோப் எதற்கென்றால், காட்டுநாய் ஒன்று வேலியில் எங்கேயோ ஓட்டை கண்டுபிடித்து உள்ளே வந்துவிட்டது. மஞ்சள் நாய். பசித்துக் கொல்வதில்லை, விளையாட்டுக்குக் கொல்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் குட்டிகள் வயிறு கிழிந்து கிடக்கும், தின்றிருக்காது. எங்கள் பக்கத்திலும் மெர்வ் பக்கத்திலும் ஒரே அழிம்பு. இருட்டுக் கட்டுகிற நேரத்தில்தான் அது வெளியே வரும், அந்த வெளிச்சத்தில் எங்கள் பழைய ஸ்கோப்பில் ஒரு மண்ணும் தெரியாது. அதனால் ஆன்லைனில் ஒரே மாதிரி இரண்டு ஆர்டர் போட்டேன், எனக்கு ஒன்று, மெர்வுக்கு ஒன்று. மெர்வுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது, அதனால் இரண்டும் என் பெயரில். முதலில் வருவதை அவன் வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருந்தேன். அவன் பக்கம்தான் சேதம் அதிகம்.

உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெர்வுக்குக் கொடுக்கலாம் என்று, வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் வைத்துப் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே கறுப்புப் பெட்டியின் சீல் கிழிந்திருந்தது. ஸ்கோப்பைச் சுற்றியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை இல்லை. குழாயின் மேல் இரண்டு இடத்தில் வட்டமாகத் தேய்ந்த தடம். துப்பாக்கியில் வளையம் போட்டு இறுக்கினால்தான் அந்தத் தடம் விழும். குறியைத் திருத்துகிற மேல் திருகைச் சுற்றிப் பார்த்தேன். கம்பெனியிலிருந்து வருகிறபடி நடுவில் இல்லை. யாரோ சுட்டுப் பார்த்துக் குறி செட் பண்ணியிருக்கிறார்கள்.

"புதுசுன்னு எவன் பழசையோ நம்ம தலையில கட்டிட்டான் பாருங்க" என்றேன்.

க்ளைவ் ஜன்னல் பக்கமிருந்து திரும்பவே இல்லை. "விடு நோலீன். நல்லாத் தெரிஞ்சாச் சரி."

"எப்படி விடுறது? எவனோ மாட்டிப் பாத்துப் பிடிக்கலைன்னு திருப்பி அனுப்பிச்சதை எனக்கு அனுப்பியிருக்கான். நான் என்ன கேனையா?"

கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவன் குரலைக் கேட்டால் மீசை முளைக்காத பையன். நான் கத்தின கத்தலுக்கு வேறு யாராக இருந்தாலும் வைத்திருப்பார்கள். அவன் பொறுமையாக இருந்தான், அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மேடம், பேக் பண்ணினதும் போட்டோ எடுத்து வெப்போம். உங்க பெட்டி போட்டோ இப்ப என் முன்னாடி இருக்கு. சீல் உடையலை, மூலை நசுங்கலை."

"அப்ப பெட்டிக்குக் கை முளைச்சுத் தானே பிரிச்சுகிச்சா?"

"இல்லை மேடம். அது செவ்வாய்க்கிழமையே டெலிவரி ஆயிடுச்சுன்னு காட்டுது. இன்னிக்கு வெள்ளி. வீட்டுல யாராவது..."

"இன்னிக்குத்தான்டா வந்துச்சு. என் வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு கிழவன், அவருக்கு இப்ப சோத்துல கை வைக்கவே மனசு இல்லை" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஆனால் செவ்வாய் என்று அவன் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. தபால் லாரி ஓட்டுகிற கிம்முக்குப் போட்டேன். கிம் பொய் சொல்ல மாட்டாள், சொல்ல அவளுக்கு நேரமும் கிடையாது.

"ஸ்கோப் பெட்டியா? செவ்வாய்க்கிழமை காலையிலயே ஃபிரிட்ஜுல வெச்சேனே. நல்லா ஜம்முனு இருந்துச்சு. இன்னிக்கு உங்களுக்கு வந்தது கரண்ட் பில்லும் மருந்துக் கம்பெனி நோட்டீசும்தான். ஏன், மின்டி வந்துட்டாளா?"

"இல்லை" என்றேன்.

போனை வைத்துவிட்டுச் சிரித்துவிட்டேன். மூன்று நாளில் முதல் சிரிப்பு. செவ்வாய்க்கிழமை தபால் எடுத்தவன் மெர்வ். புதன்கிழமை காலையில் மின்டியைத் தேட வந்தபோது, "உனக்குத் தபால் ஒண்ணும் இல்லை" என்று சொன்னதுகூட ஞாபகம் வந்தது. ஆசை பொறுக்காமல் பெட்டியைத் திறந்து, மாட்டிப் பார்த்திருக்கிறான். ஆனால் ஒன்று புரியவில்லை. முதலில் வருவது அவனுடையது என்றுதானே பேச்சு? தன் சாமானைத் தானே பிரித்துவிட்டு, எதற்குத் திருடன் மாதிரி ஒட்டித் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும்? கீழே போட்டு உடைத்துவிட்டு, பழியைக் கடைக்காரன் தலையில் போடப் பார்க்கிறானா? மெர்வ் அப்படிப்பட்டவன் இல்லை. கடன் வாங்கின ஸ்பானரைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தருகிறவன்.

போய் அவனை ஒரு கை பார்த்துவிட்டு வரலாம் என்று பெட்டியைப் பிக்கப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நான் இருந்த இருப்பில் யாரையாவது கிண்டல் பண்ண வேண்டும்போல இருந்தது. அவனைவிட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள்?

இந்த மூன்று நாளும் அவன்தான் எங்களுடன் அலைந்தான். தன் வேலையெல்லாம் போட்டுவிட்டு, விடிந்ததும் வந்துவிடுவான். வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, பாழும் கிணறெல்லாம் எட்டிப் பார்த்தோம். விசிலடித்து விசிலடித்து அவன் உதடு வெடித்துவிட்டது. நான் அழுதபோது, "எவனாவது லாரிக்காரன் அழகா இருக்கேன்னு தூக்கிட்டுப் போயிருப்பான், நல்லாத்தான் வெச்சிருப்பான்" என்று தேற்றினான். கூடப் பிறந்தவன்கூட அப்படிச் செய்ய மாட்டான் என்று நான் க்ளைவிடம் சொன்னேன்.

மெர்வ் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் டீ ஆறிக் கிடந்தது. பெட்டியை மேஜைமேல் டொப்பென்று வைத்தேன்.

"கையும் களவுமாப் பிடிச்சுட்டேன்."

அவன் பெட்டியைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. எனக்கு அப்போதும் புரியவில்லை. விளையாட்டு நன்றாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"நீதானே பிரிச்சே? உன்னுதுதானய்யா இது. முதல்ல வர்றது உனக்குன்னு நான்தானே சொன்னேன். அதை ஒட்டித் திரும்ப வெச்சு, நான் அந்தக் கடைப் பையனை நாறடிச்சு, பாவம். உனக்கு என்ன வந்துச்சு?"

அவன் ஆறின டீயைத் தள்ளி வைத்தான்.

"ஒடச்சுட்டியா?"

"இல்லை."

"பின்னே? நல்லா இல்லையா? குறியெல்லாம் செட் பண்ணியிருக்கியே. எப்படி இருந்துச்சு? எதையாவது சுட்டுப் பாத்தியா?"

சும்மாதான் கேட்டேன். புது ஸ்கோப் வாங்கின எவனிடமும் எங்கள் பக்கத்தில் அதைத்தான் கேட்பார்கள். மெர்வ் இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தான்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம்" என்றான். "பொழுது சாயற நேரம். கீழ் வாய்க்கால் பக்கம் ஒரு தாய் ஆடும் ரெண்டு குட்டியும் தலைதெறிக்க ஓடுச்சு. பின்னாடி ஒரு நாய். நெஞ்சைத் தரையோட வெச்சுகிட்டு, பதுங்கிப் பதுங்கி. அதுதான்னு நினைச்சேன், நோலீன். அத்தனை நாளாக் காத்துகிட்டிருந்த அதேதான்னு நினைச்சேன்."

ஆட்டுக்குப் பின்னால் ஓடுகிற நாய் கொல்லப் போகிறதா, மடக்கிக்கொண்டு வருகிறதா என்று தூரத்திலிருந்து பார்த்தால் எங்களில் யாருக்கும் தெரியாது. ஓட்டம் ஒன்றுதான், பதுங்கல் ஒன்றுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். கண்ணுக்கு முன்னால் குட்டிகளைப் பறிகொடுத்தவனுக்குப் பொழுது சாய்ந்த வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சள்தான். கழுத்தில் பட்டையும் இல்லை. கம்பியில் மாட்டிச் செத்துவிடும் என்று வேலை நாய்க்கு நாங்கள் யாருமே பட்டை போடுவதில்லை.

மின்டி எங்கள் ஆட்டைத்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வேலி ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போனதை, யாரும் சொல்லாமல், தானே போய்.

"நீ எங்ககூட விசிலடிச்சே" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. "மூணு நாளு. அவ வர மாட்டான்னு தெரிஞ்சுகிட்டே நீ விசிலடிச்சே."

"புதன்கிழமை சொல்லத்தான் வந்தேன். க்ளைவ் வாசல்ல அவ தட்டை வெச்சுகிட்டு நின்னாரு. வாய் வரலை. அன்னிக்குச் சொல்லலை, அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "ஸ்கோப் என்கிட்ட இருந்துச்சுன்னு தெரிஞ்சா என்ன சுட்டேன்னு கேப்பே. அதான் இன்னிக்கு வந்த மாதிரி இருக்கட்டும்னு..."

திட்டுவதற்கு எனக்கு வார்த்தைப் பஞ்சமே வந்ததில்லை. ஊரே சொல்லும். அன்று மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசியில் ஒன்றுதான் கேட்டேன்.

"உடனே போயிட்டாளா?"

அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் பொய் சொன்னவன் அதை மட்டும் சொல்லவில்லை.

"இல்லை. நான் கிட்ட போனப்ப உயிர் இருந்துச்சு. நான்தான்னு தெரிஞ்சதும் எந்திரிக்கப் பாத்துச்சு, நோலீன். வாலை ஆட்டுச்சு."

பிறகு நான் எழுந்து வெளியே வந்து பிக்கப்பில் ஏறினேன். அவன் வாசல் வரைக்கும் வந்து நின்றான். கிளம்பிப் போய்விடத்தான் நினைத்தேன். போய் க்ளைவிடம் என்ன சொல்வது? அதை என் வாயால் சொல்ல என்னால் முடியாது. சொல்ல வேண்டியது நானும் இல்லை.

"ஏறு" என்றேன்.

"நோலீன்..."

"நீயே சொல்லணும். ஏறுய்யா."

ஏறினான். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவன்தான் இறங்கிக் கேட்டைத் திறக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். இரண்டு பண்ணைக்கும் நடுவில் கேட் நிறைய. ஒவ்வொன்றிலும் இறங்கினான், திறந்தான், வண்டி போனதும் சங்கிலியை மாட்டினான், திரும்ப ஏறினான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

எங்கள் பட்டி கேட்டுக்கு அந்தப் பக்கம் க்ளைவ் நின்றிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். கேட்டைத் திறக்க இறங்கினவன் மெர்வ் என்று பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்து வருகிறோம் என்றால் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று நினைத்துவிட்டார். நொண்டி நொண்டி நேராக வண்டியின் பின்பக்கம் போய், உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"எங்கே அவ?" என்று சிரித்துக்கொண்டே மெர்விடம் கேட்டார். "அடி கிடி பட்டிருக்கா? முன்னாடி சீட்டுல வெச்சிருக்கீங்களா?"

மெர்வ் தொப்பியைக் கழற்றினான்.