கிளட்ச் ஆயில் மாற்றிய காலை

1

இக்கதை என் மனைவியின் ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது.

"நாளைக்கு வண்டி ஓடுமா, ஓடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

ஓடினால் அவள் தன் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள், திரும்பி வரமாட்டாள். (இதைக் கடைசிவரை மறைத்து வைப்பதே உத்தி என்பார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் நான். வாசகரை ஏமாற்றும் உத்திகள் எனக்கு ஒவ்வா.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'கிளட்ச் ஆயில் கறுத்துவிட்டால் கியர் மாற்றுவது கடினம். ஆகவே, அன்புள்ள கணவர் ஒருவர்...'

அடித்துவிட்டேன். அவள் படித்தால் சிரிப்பாள்.

அடுத்த வரைவில் கிளட்ச் பெடலை மிதிக்கப் பக்கத்து வீட்டுக்காரரை உட்கார வைத்தேன். பொய். மிதித்தவள் அவளே. மெக்கானிக், 'இதோ வர்றேன்' என்று நிகழ்காலத்தில் சொல்லி நான்கு நாள்களாக வராதவர்.

3

வேலை இதுதான். நான் வண்டிக்கு அடியில், ஸ்பேனரோடு. அவள் ஓட்டுநர் இருக்கையில். அவள் பெடலை மிதித்துப் பிடிப்பாள். நான் ஆயில் வெளியேறும் சிறு திருகான நிப்பிளைத் திறப்பேன். பழைய ஆயில் டியூப் வழியே பாட்டிலில் இறங்கும். நிப்பிளை மூடியபின் 'எடு' என்பேன். மூடுமுன் பெடல் மேலே வந்தால் காற்றுப் புகும், கியர் விழாது.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"எடு."

"பெடல் கீழயே நிக்குது."

"கையால தூக்கு. இந்த வேலையில அப்படித்தான்."

"நல்லவேளை. நான்தான் தப்பா மிதிச்சேன்னு ஆரம்பிப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் எப்ப அப்படி..."

"பாதியில வெட்டினா எப்படி இருக்கு? எனக்கு முப்பத்தொன்பது வருஷமா அப்படித்தான் இருக்கு."

(இங்கே என் பாத்திரம் பதில் சொல்ல வேண்டும். நான்கு பதில்கள் எழுதினேன். நான்கும் அவளைத் திருத்தின.)

4

எட்டாம் முறை, மேலே ஊற்றிய புது ஆயில் தெளிவாக இறங்கியது. இனி மூடவேண்டியதுதான். மூடாமலே 'எடு' என்றால் மறுநாள் வண்டி நகராது. காரணம் அவளுக்குத் தெரியவும் தெரியாது. என் சொற்களில் அவள் இன்னும் நம்பியது அந்த 'எடு' ஒன்றைத்தான்.

"கால் வலிக்குதுங்க. எடுக்கவா?"

முடிவு அ: மூடினேன். (நான் நல்லவனாகிவிடுகிறேன். அதற்கான சான்று கதையில் எங்கும் இல்லை.)

முடிவு ஆ: மூடவில்லை. (அவள் பேருந்தில் போவாள். நான் ஓடாத வண்டியோடு...)

"எடு" என்றேன். எடுத்தாள். இது நடந்தது.

அதற்குமுன் மூடினேனா என்னும் வாக்கியத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவு நேரம் என்னோடு இருந்திருக்கிறீர்கள், சிரமம் இராது.